ஹவானாச் சுருட்டின் வரலாறு

ஆங்கிலத்திலே சுருட்டுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்றாகிய 'செறூட்' என்பது தமிழ்ச் சொல்லொன்றின் திரிபாகும். தென்னிந்தியக் கரையோரங்களிலே 'சுருட்டு' என மக்கள் கூறக் கேட்ட போத்துக்கேயர், அச்சொல்லைத் தம் நாவிற்கேற்பத் திரித்துத் தம் மொழியிற் சேர்த்துக்கொண்டனர். இன்றும் அம்மொழியிலே சுருட்டின் பெயர் அதுவே. ஆங்கிலேயரும் அதனை ஏற்றனர். 1887ஆம் ஆண்டில் வெளிவந்த கொனன் டொயிலின் முதலாவது செர்லொக் ஹோம்ஸ் நவீனத்திலே, கொலை நிகழ்ந்த வீட்டிற் கண்ட சாம்பல் திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலே எனத் துப்பறிவோன் துணிகின்றான். இவ்வாறு சொல் தமிழருடையதாயினும், பொருள் தமிழருடையதன்று. புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அதனைச் சுருட்டாக்கும் கலை உச்சநிலை எய்திய இடம் கரிபியன் கடலிலுள்ள கியூபாத் தீவு. அத்தீவின் தலைநகராகிய ஹவானாவின் பெயராலேயே உலகின் உயர்ந்த சுருட்டுக்கள் மதிக்கப்பட்டு வந்துள்ளன. அச்சுருட்டின் வரலாறு வெறும் சுகபோகத்தின் வரலாறன்று. உழவர் கிளர்ச்சியும், தொழிலாளரின் கல்வி வேட்கையும், ஒரு நாட்டின் விடுதலைப் போரும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன.

1492ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே மேற்கிந்தியத் தீவுகளை அடைந்த கொலம்பசு, அம்மாத இறுதியிற் கியூபாவின் கரையை எட்டினான். தான் ஆசியாவை அடைந்துவிட்டதாகவே கருதிய அவன், உள்நாட்டிலே பேரரசன் ஒருவன் இருத்தல் கூடுமென எண்ணி, ரொட்ரிகோ டி ஹெரேஸ், லூயிஸ் டி டொறஸ் என்னும் இருவரைத் தூதனுப்பினான். நவம்பர் மாத முற்பகுதியில் மீண்ட தூதர், அரசன் எவனையும் கண்டிலர். ஆயின் ஆடவரும் பெண்டிரும் கையிலே கொள்ளியேந்தி, உலர்ந்த இலைகளின் புகையை உள்ளிழுத்துச் செல்வதைக் கண்டதாகக் கூறினர். உலர்ந்த இலைகளைப் பிறிதோர் இலையாற் சுற்றி ஒரு முனையிற் கொளுத்தி மறுமுனையில் இழுப்பதே அம்மக்களின் வழக்கமென லாஸ் காசாஸ் பாதிரியாரும் பின்னர் எழுதிவைத்தார். தைனோ எனப்படும் அம்மக்கள் வழிபாட்டிலும் மருத்துவத்திலும் புகையிலையைப் பயன்படுத்தினர். ஐரோப்பியர் கொணர்ந்த நோயினாலும் கொடுமையினாலும் அவர்கள் சில தலைமுறைக்குள்ளே பெரும்பாலும் அழிந்தொழிந்தனர். அவர்களது புகைக்கும் வழக்கமோ உலகெங்கும் பரவிற்று.

கியூபாவின் பொருளாதாரம் சர்க்கரை, புகையிலை என்னும் இரு பயிர்களின்மேல் எழுந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பெர்னாண்டோ ஒர்ட்டிஸ் என்னும் கியூபா அறிஞர் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் பெரும்புகழ் பெற்றது. கரும்பு பெருந்தோட்டத்தையும், பெருமுதலையும், ஆபிரிக்க அடிமைகளின் திரளையும் வேண்டி நின்றது. புகையிலையோ சிறு நிலத்தையும், ஒவ்வொரு செடியையும் தனித்தனி பேணும் கண்ணையும் வேண்டி நின்றது. ஆகவே அதனைப் பயிரிட்டோருட் பலர் கனேரித் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய எளிய உழவராயிருந்தனர். புகையிலைத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் அடிமைகளே இருந்திலர் எனக் கூறுதல் பொருந்தாது. 1886ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிக்கப்படும்வரை அவர்தம் உழைப்பும் அத்தொழிலிற் கலந்தேயிருந்தது. எனினும் கரும்புத் தோட்டத்தோடு ஒப்பிடுமிடத்து, சிற்றுழவரின் கையே புகையிலைத் தொழிலில் ஓங்கியிருந்தது.

இவ்வுழவரின் ஊதியத்தைத் தன்வயமாக்க விரும்பிய ஸ்பானிய அரசு, 1717ஆம் ஆண்டிலே புகையிலை வாணிபத்தை அரச தனியுரிமையாக்கிற்று. விளைச்சல் முழுவதையும் அரசு குறித்த விலைக்கே விற்றல் வேண்டுமென்பது கட்டளை. உழவர் கிளர்ந்தெழுந்தனர். 1717, 1720, 1723 ஆகிய ஆண்டுகளிலே மும்முறை கிளர்ச்சி நிகழ்ந்தது. மூன்றாம் முறை படைவலியால் அடக்கப்பட்டது. பிடிபட்டோர் கொல்லப்பட்டு, ஏனையோர்க்கு எச்சரிக்கையாக அவர்தம் உடல்கள் பாதையோரத்திலே தொங்கவிடப்பட்டன. தனியுரிமை நீங்குதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. 1817ஆம் ஆண்டில் ஏழாம் பேர்டினண்டு மன்னன் அதனை நீக்கிய பின்னரே ஹவானாவிற் சுருட்டாலைகள் பெருகலாயின. 1844இல் உப்மன், 1845இல் பார்த்தகாஸ், 1875இல் ரோமியோ இ ஜூலியற்றா எனப் பின்னாளிற் புகழ்பெற்ற பெயர்கள் பல அந்நூற்றாண்டிலேயே தோன்றின. நெப்போலியனோடு நிகழ்ந்த போரின்போது ஸ்பெயினிலே தங்கியிருந்த பிரித்தானியப் படையினர் சுருட்டுப் பழக்கத்தைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றமையும் இவ்வாலைகளின் வளர்ச்சிக்குத் துணைபுரிந்தது.

ஹவானாச் சுருட்டின் சிறப்புக்கு மூலகாரணம் நிலமே. தீவின் மேற்குக்கோடியிலுள்ள பினார் தெல் ரியோ மாகாணத்தைச் சார்ந்த வுவெல்தா அபாகோ என்னும் பகுதியின் செம்மண் உலகின் மிகச்சிறந்த புகையிலை மண்ணெனப் போற்றப்படுகின்றது. மழை ஓய்ந்தபின் நாற்று நடப்படும். ஆண்டின் முதன் மாதங்களில் இலைகள் கீழிருந்து மேலாக, சில நாள் இடைவெளி விட்டு, கையினாலேயே பறிக்கப்படும். அடியிலை மென்மையானது, நன்றாக எரிவது. இடையிலை நறுமணம் மிக்கது. வெயிலை முழுதும் உண்ட நுனியிலை தடித்தது, காரம் மிக்கது, மெல்லவே எரிவது. சுருட்டின் உள்ளீடு இம்மூவகை இலைகளின் கலவையாகும். வெளியே சுற்றும் போர்வையிலைக்கான செடிகள் மாத்திரம் துணிப்பந்தலின் நிழலிலே வளர்க்கப்படும். வெயில் படாமையால் அவற்றின் இலை மெல்லியதாயும் பட்டுப்போன்றதாயும் அமையும்.

பறித்த இலைகள் நூலிற் கோக்கப்பட்டு, கொட்டில்களிலே கழிகளில் ஏறத்தாழ ஐம்பது நாட்கள் தொங்கவிடப்படும். அங்கே பச்சை மஞ்சளாகி, மஞ்சள் கபிலமாகும். யாழ்ப்பாணத்துப் புகையிலை உழவர் தேங்காய் மட்டை முதலியவற்றை எரித்துப் புகையூட்டிப் பதப்படுத்துவர். கியூபா உழவரோ காற்றொன்றினாலேயே உலர்த்துவர். இரு முறைகளின் சுவை வேற்றுமைக்கும் இஃது ஒரு முதன்மைக் காரணம். உலர்ந்த இலைகள் பின்னர்க் குவியலாக அடுக்கப்பட்டு நொதித்தலுக்கு விடப்படும். குவியலின் நடுவிலே வெப்பம் ஏறும். அமோனியா வாயு வெளியேறும். இலையின் கரகரப்புத் தணியும். வெப்பம் மிகின் இலை கருகும். குறையின் பதங் கெடும். ஆகவே குவியலைக் காலமறிந்து பிரித்து அடுக்குதல் அனுபவமுடையோர் செயலாகும். இதன் பின்னும் இலைகள் கட்டுக்களாகிப் பல மாதங்கள், சில வேளைகளிற் பல ஆண்டுகள், உறங்கிக் கிடக்கும்.

ஆலையிலே சுருட்டுபவனுக்கு வேண்டிய கருவிகள் ஒரு பலகை, ஒரு வளைந்த தகட்டுக்கத்தி, சிறிது பசை ஆகியவையே. உள்ளீட்டிலைகளை அவன் மடித்துக் கையிற் சேர்க்கும்போது அவற்றினிடையே காற்றுச் செல்ல வழி விடல் வேண்டும். கட்டிலையால் அவற்றைச் சுற்றி, அச்சிலழுத்தி, இறுதியிற் போர்வையிலையைச் சாய்வாகச் சுற்றித் தலையிலே சிறு மூடியொட்டி முடிப்பான். தேர்ந்த தொழிலாளி நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு சுருட்டுக்கள் செய்வான். பின்னாளிற் புகைப்போர் கூறும் குறைகள் பல இப்பலகையிலேயே தோன்றுவனவாம். இலை மிக்குச் செறிந்தாற் புகை இழுபடாது. குறைந்தால் விரைந்தெரிந்து நாவைச் சுடும். காரவிலை நடுவினின்று விலகினால் ஒருபக்கம் மாத்திரம் எரியும்.

கைகளுக்கு வேலையிருக்கச் செவிகள் வாளாவிருக்கும் இத்தொழிலிலே உலகவரலாற்றில் நினைவுகூரத்தக்க வழக்கமொன்று தோன்றியது. 1865ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஹவானாவின் எல் பிகாரோ ஆலையிலே, தொழிலாளர் வேலை செய்துகொண்டிருக்கையில் ஒருவர் நூல் வாசிக்க ஏனையோர் கேட்கும் முறை தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே சட்டூர்னினோ மார்ட்டினேஸ் என்னும் சுருட்டுத் தொழிலாளி 'லா அவுறோறா' என்ற தொழிலாளர் பத்திரிகையைத் தொடங்கி இம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். வாசிப்போனுக்குரிய ஊதியத்தை ஆலைமுதலாளி கொடுத்திலன். தொழிலாளரே தத்தம் கூலியிலிருந்து கொடுத்தனர். எந்நூலை வாசிப்பதென்பதையும் அவர்களே தீர்மானித்தனர். காலையிற் பத்திரிகைச் செய்திகளும், பின்னர் செர்வாண்டிஸ், விக்டர் ஹியூகோ, டூமா போன்றோரின் நூல்களும் ஆலைகளில் ஒலித்தன. எழுத்தறியாத் தொழிலாளிகளும் உலக இலக்கியத்தைச் செவிவழியே கற்றனர்.

கேள்வியறிவின் ஆற்றலை அரசு விரைவிலே உணர்ந்தது. 1866ஆம் ஆண்டிலே ஆலைகளில் வாசித்தல் தடைசெய்யப்பட்டது. ஆயினும் வழக்கம் மாயவில்லை. விடுதலைப் போர்களிற் கியூபாவை விட்டுப் புளோரிடாவின் கீ வெஸ்ட், தம்பா ஆகிய நகர்களிற் குடியேறிய தொழிலாளர் அதனையும் உடன்கொண்டு சென்றனர். கியூபாவின் தேசியத் தலைவரும் கவிஞருமாகிய ஹொசே மார்த்தி, 1891ஆம் ஆண்டு முதல் அச்சுருட்டுத் தொழிலாளரிடையே சென்று உரையாற்றினார். விடுதலைப் போருக்கு அவர்கள் தம் கூலியின் ஒரு பகுதியை ஈந்தனர். 1895ஆம் ஆண்டிற் போரைத் தொடங்குமாறு விடுக்கப்பட்ட கட்டளை சுருட்டொன்றினுள்ளே மறைத்துக் கியூபாவுக்கு அனுப்பப்பட்டதெனவும் கூறுவர். தம்பாவில் 1931ஆம் ஆண்டிலே ஆலைமுதலாளிகள் வாசிப்போரை நீக்கினர். அவர்களது இடத்தை வானொலி பெற்றது. கியூபாவிலோ அவ்வழக்கம் நிலைத்து, 2012ஆம் ஆண்டில் அந்நாட்டின் பண்பாட்டு மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகையையோ கதையையோ உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே சுருட்டிய வழக்கம் இருந்தது. ஒன்றையொன்று அறியாத இரு தீவுகளில் ஒரே தொழில் ஒரே வழக்கத்தைத் தோற்றுவித்தமை கருதற்பாலது. பேரிரைச்சலிடும் பொறிகள் புகாத தொழிலிலேயே இது கூடுவதாயிற்று.

இத்துணை உழைப்பின் பயனாய் விளையும் சுருட்டைக் கெடாது காத்தல் தனியொரு கலையாக வளர்ந்தது. சுருட்டு உயிரற்ற பொருளாயினும், சூழவுள்ள காற்றின் ஈரத்தை உறிஞ்சியும் விடுத்தும் மாறிக்கொண்டேயிருப்பது. தான் தோன்றிய கியூபாவின் ஈரக்காற்றை விட்டு, குளிர்காலத்திலே கணப்புச் சூட்டினால் வறண்ட ஐரோப்பிய மாளிகைகளைச் சேர்ந்தபோது, அஃது உலர்ந்து வெடிக்கலாயிற்று. ஆகவே ஈரம் காக்கும் பேழைகள் எழுந்தன. அவற்றின் உட்புறத்துக்கு ஏற்றதெனத் தேர்ந்த மரம் ஸ்பானிய சீடர் எனப்படுவது. பெயரளவில் சீடராயினும், அஃது உண்மையிலே நம் வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்த அமெரிக்க மரமாகும். ஈரத்தை ஏற்றுச் சீராக விடுதலும், நன்மணமும் அதன் சிறப்பியல்புகள். ஜெனீவா நகரிலே கடை நடத்திய சீனோ டாவிடொவ் என்பார், ஹவானாவின் தட்பவெப்பத்தை நிலவறையொன்றில் அமைத்துச் சுருட்டுக்களைப் பேணிப் புகழடைந்தார்.

பேணுவோர் அனுபவத்தாற் கண்ட விதிகள் சிலவே. சாரீரப்பதன் நூற்றுக்கு 65 முதல் 70 வரையும், வெப்பநிலை 16 முதல் 20 பாகை சதமளவு வரையும் இருத்தல் நன்று. புதிய பேழையின் மரம் முதலிலே தானே ஈரத்தைக் குடிக்குமாதலின், அது நிறைவடையும்வரை சில நாட் பொறுத்தே சுருட்டுக்களை அடுக்கல் வேண்டும். ஈரமூட்டுதற்குக் காய்ச்சி வடித்த நீரே உகந்தது. ஈரமானி பொய்கூறுதலும் உண்டு. மூடிய பாத்திரமொன்றிலே நீரால் நனைத்த கறியுப்போடு அதனை ஓரிரு நாள் வைத்தால் அது நூற்றுக்கு 75ஐக் காட்டல் வேண்டும். காட்டாதாயின் அவ்வேற்றுமையைக் குறித்துக்கொண்டு திருத்தலாம். உப்பின் நிரம்பிய கரைசலுக்கு மேலுள்ள காற்று எப்போதும் ஏறத்தாழ அவ்வளவு ஈரமே கொண்டிருக்குமென்னும் பௌதிக உண்மையே இச்சோதனைக்கு ஆதாரம்.

விதி தவறின் நேரும் கேடுகளும் வெளிப்படையானவை. ஈரம் மிகின் சுருட்டுப் பருக்கும், போர்வை பிளக்கும், புகை இழுபடாது, நெருப்பு அடிக்கடி அணையும். ஈரங் குறையின் இலை நொறுங்கும், புகை சுடும், மணம் தரும் எண்ணெய்கள் அகலும். உலர்ந்த சுருட்டை ஒரே நாளில் நனைக்க முயல்வோன் அதனை முழுதும் இழப்பான். உள்ளிலை பருப்பதற்குப் போர்வை ஈடுகொடாமையே காரணம். பல வாரங்களிற் படிப்படியாகவே ஈரத்தை மீட்டல் வேண்டும். மேற்பரப்பிற் காணும் வெண்பூச்சை நற்பழமையின் அடையாளமென முன்னையோர் சிலர் பாராட்டினர். அது பெரும்பாலும் பங்கசே என்பது பிற்காலத்தார் முடிவு. எல்லாவற்றினும் கொடியது புகையிலை வண்டு. இலையிலிருக்கும் அதன் முட்டைகள் வெப்பம் மிகும்போது பொரித்து, குடம்பிகள் சுருட்டைத் துளைத்து ஊசித்துளைகள் இடும். இலங்கை போன்ற வெப்பநாடுகளிலே இவ்வாபத்து மிக அதிகம். பூச்சியுண்ட சுருட்டை நீக்கி, ஏனையவற்றைக் காற்றுப்புகாப் பையிலிட்டுச் சில நாள் உறையச்செய்து, பின்னர் மெல்ல மெல்ல வழமை நிலைக்குக் கொணர்தலே மருந்து.

புகைத்தலிலும் ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. தலையிலுள்ள மூடியை மாத்திரம் கூரிய கத்தியால் அரிதல், மணமற்ற நெருப்பால் அடியைச் சுற்றிச் சூடேற்றியபின் கொளுத்துதல், நிமிடத்துக்கு ஒருமுறையே மெல்ல இழுத்தல், புகையை நெஞ்சுக்குள் வாங்காது வாயளவில் நிறுத்துதல் என்பன அவை. ஒருபக்கம் பிந்தி எரியின் அப்பக்கத்தைக் கீழ்நோக்கித் திருப்பிப் பிடிப்பர். விரைந்து இழுப்போனுக்குச் சுவை கசப்பாகும். உழவனும் தொழிலாளியும் காட்டிய பொறுமையையே இறுதியிற் புகைப்போனிடத்தும் சுருட்டு எதிர்பார்த்தது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டிலே இச்சுருட்டு அரசியலிற் சிக்குண்டது. 1959ஆம் ஆண்டுப் புரட்சியின் பின், 1960இல் ஆலைகள் அரசுடைமையாயின. உடைமை இழந்தோர் பலர் விதையையும் கைத்திறனையும் பெயர்களையும் கொண்டு டொமினிக்கன் குடியரசு, ஹொண்டுராஸ், நிக்கரகுவா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். அதனால் ஒரே பெயரையுடைய சுருட்டுக்கள் இருவேறு நாடுகளிலே செய்யப்படும் நிலை உண்டாயிற்று. 1962ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கியூபாவின்மீது வாணிபத் தடை விதித்தார். தடையாணையில் ஒப்பமிடுவதற்குச் சற்றுமுன்னர் அவர் தமக்கென ஆயிரத்துக்கு மேற்பட்ட கியூபாச் சுருட்டுக்களை வாங்குவித்தாரென அவருடைய செயலாளர் பியர் சலிஞ்சர் பின்னாளிற் கூறினார். தலைவர்களுக்கும் தூதர்க்குமெனச் செய்யப்பட்ட 'கொஹீபா'ச் சுருட்டின் பெயரால் உலகறிந்த பிடல் காஸ்ட்ரோவோ, நாட்டு மக்களின் சுகநலன் கருதி 1985ஆம் ஆண்டிலே தாமே புகைத்தலைக் கைவிட்டார்.

காஸ்ட்ரோவின் செயல் இவ்வரலாற்றின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய அதிபதியின் அறிக்கை சிகரெட்டின் கேட்டை உலகறியச் செய்தபோது, சுருட்டு அத்துணைத் தீங்கானதன்று எனப் பலர் ஆறுதலடைந்தனர். 1998ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வெளியிட்ட தனிநூல் அவ்வாறுதலைக் குலைத்தது. சுருட்டின் புகை காரத்தன்மை வாய்ந்ததாதலின், உள்ளிழுக்காவிடினும் அதன் நிக்கொட்டின் வாயின் மென்றோல் வழியே குருதியிற் கலக்கும். வாய், குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றிற் புற்றுநோய் தோன்றுதற்கும் அது காரணமாகும். இலங்கையிலே 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வயது நிரம்பாதார்க்குப் புகையிலைப் பொருட்களை விற்றலைத் தடைசெய்தது.

ஆகவே ஹவானாச் சுருட்டின் வரலாற்றைப் பயில்வோர் அதனைப் புகழ்தற்கும் பழித்தற்கும் ஒருங்கே காரணங் காண்பர். நுகர்வோன் பெற்ற இன்பம் கணநேரத்தது. அதன் தீமையோ உடலிலே தங்குவது. எனினும் நிலத்தின் பதமறிந்த உழவனின் நுண்ணறிவும், தனியுரிமையை எதிர்த்து உயிரீந்தோரின் துணிவும், தம் வயிற்றுக்கான கூலியிற் சிறிது பிரித்துச் செவிக்கு உணவு தேடிய தொழிலாளரின் கல்வியார்வமும் புகையோடு புகையாய் மறையத்தக்கன அல்ல. பேழையுட் பேணப்பட்ட சுருட்டுக்கள் எரிந்து சாம்பராயின. ஆலையில் வாசிக்கப்பட்ட நூல்களோ கேட்டோர் உள்ளத்தில் நின்று, ஒரு நாட்டின் விடுதலைக்கு வழிகோலின. அவ்வரலாற்றிலே மாணவர் கொள்ளத்தக்க பகுதி இதுவேயாம்.